90 பாயிண்ட் எடுத்தும் மேலே போகாத அணி: வாசகர் கேள்வி–பதில்

இங்கிலாந்து கால்பந்து பற்றி நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்த கேள்விகளில், பிரீமியர் லீக்கை விட அதற்கு அடுத்த படியான சாம்பியன்ஷிப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த இதழில் அதற்கே முதலிடம்.

2024-25 சீசனில் ஷெஃபீல்ட் யுனைடெட் 90 பாயிண்ட், சண்டர்லாந்து 76 பாயிண்ட். ஆனால் பிரீமியர் லீக்குக்குப் போனது சண்டர்லாந்து. இது எப்படி நியாயம்?
– செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) ரசிகர், கூடலூர்

சாம்பியன்ஷிப்பில் 24 அணிகள், ஆளுக்கு 46 மேட்ச். முதல் இரண்டு இடம் பிடிக்கும் அணிகள் நேராக மேலே போய்விடும். மூன்றாவது ஆளைத் தேர்ந்தெடுக்கத்தான் பிளே ஆஃப். நீங்கள் கேட்கும் சீசனில் இருந்த விதிப்படி, 3-ஆவது அணி 6-ஆவது அணியோடும், 4-ஆவது அணி 5-ஆவது அணியோடும் மோதும். இரண்டு ஊரிலும் ஒவ்வொரு மேட்ச் நடக்கும், இரண்டின் கோல்களையும் கூட்டிப் பார்ப்பார்கள். வெளியூரில் போட்ட கோலுக்குத் தனி மதிப்பு கிடையாது. ஜெயித்த இரண்டு அணிகளுக்கும் லண்டன் வெம்ப்ளியில் ஒரே ஒரு இறுதி மேட்ச்.

இதில் லீக்கில் எடுத்த பாயிண்ட் எதுவும் கூடவே வராது. பட்டியலில் மேலே இருந்த அணிக்குக் கிடைக்கும் ஒரே சலுகை, அரையிறுதியின் இரண்டாவது மேட்ச் சொந்த மைதானத்தில் என்பதுதான். ஷெஃபீல்ட் யுனைடெட் அரையிறுதியில் பிரிஸ்டல் சிட்டியை 3-0, 3-0 என்று துவைத்தது. சண்டர்லாந்தோ கோவென்ட்ரியிடம் எக்ஸ்ட்ரா டைமின் கடைசியில், 122-ஆவது நிமிடத்தில் டேன் பல்லார்ட் தலையால் முட்டிய கோலில்தான் பிழைத்தது. 2025 மே 24 அன்று இறுதி மேட்ச். முதல் கோல் ஷெஃபீல்டுக்கு. 76-ஆவது நிமிடத்தில் சண்டர்லாந்தின் மயெண்டா சமன் செய்தார். 95-ஆவது நிமிடத்தில் டாம் வாட்சன் அடித்த கோலில் சண்டர்லாந்து 2-1 என்று ஜெயித்தது. அந்த வாட்சன் சீசன் முடிந்ததும் பிரைட்டனுக்குப் போவதாக ஏற்கெனவே முடிவாகியிருந்தது.

ஷெஃபீல்டுக்கு 2 பாயிண்ட் அபராதம் விதித்ததால்தான் நேரடி வாய்ப்பு போனது என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. அதைச் சேர்த்தாலும் 92-தான். லீட்ஸும் பர்ன்லியும் ஆளுக்கு 100 பாயிண்ட் எடுத்திருந்தன.

நியாயமா என்றால், 14 பாயிண்ட் பின்தங்கிய அணி மேலே போவது வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் பிளே ஆஃப் இருப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. 1987-இல் இது வருவதற்கு முன், மார்ச் மாதத்திலேயே பாதி அணிகளுக்கு ஆட ஒன்றும் இல்லாமல் போகும். இப்போது 12-ஆவது இடத்தில் இருக்கும் அணியும் ஏப்ரல் வரை உயிரைக் கொடுத்து ஆடுகிறது.

மார்ச் மாதப் பட்டியலைப் பார்த்து அண்ணன் ஒரு அணியைச் சொல்கிறார், நான் வேறொரு அணியைச் சொல்கிறேன். கைவசம் மேட்ச் பாக்கி உள்ள அணியை எப்படிக் கணக்கில் எடுப்பது?
– வாசகர், வெலிங்டன்

பாக்கி மேட்சை ஜெயித்ததாகவே வைத்து 3 பாயிண்ட் கூட்டிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஆடாத மேட்ச் பாயிண்ட் ஆகாது. மேட்சுக்கு எத்தனை பாயிண்ட் என்று வகுத்துப் பாருங்கள்.

ஓர் அணி 38 மேட்சில் 74 பாயிண்ட். இன்னொன்று 36 மேட்சில் 71. முதல் அணிக்கு மேட்சுக்கு 1.95, அதை 46-ஆல் பெருக்கினால் 90-க்குச் சற்றுக் கீழே. இரண்டாவது அணிக்கு 1.97, பெருக்கினால் 91-க்கு அருகில். பட்டியலில் 3 பாயிண்ட் பின்னால் தெரியும் அணி, உண்மையில் ஒரு பாயிண்ட் முன்னால் இருக்கிறது. 6 பாயிண்ட் கூட்டிப் பார்த்தவர் அது 3 பாயிண்ட் முன்னால் என்று நினைத்திருப்பார். அடுத்து, அந்த பாக்கி மேட்ச் யாரோடு, எந்த ஊரில் என்று பாருங்கள். செவ்வாய் இரவு வெளியூரில், கீழே விழாமல் தப்பிக்கப் போராடும் அணியோடு என்றால் அதை டிரா என்றே வைத்துக்கொள்வது பாதுகாப்பு. ஈஸ்டர் சமயத்தில் புனித வெள்ளிக்கும் திங்களுக்கும் இரண்டு மேட்ச் வரும். 11 பேரை மட்டுமே நம்பியிருக்கும் அணி அங்கேதான் சறுக்கும்.

நேரடியாக மேலே போக மேட்சுக்கு 2 பாயிண்ட், அதாவது 92 என்பது நல்ல அளவுகோல். அளவுகோல் மட்டும்தான், உத்தரவாதம் இல்லை. 2012-13-இல் ஹல் சிட்டி 79 பாயிண்டிலேயே இரண்டாம் இடம் பிடித்துவிட்டது. 2015-16-இல் பிரைட்டன் 89 எடுத்தும், அதே 89 எடுத்த மிடில்ஸ்பரோவிடம் கோல் வித்தியாசத்தில் (போட்ட கோலில் வாங்கிய கோலைக் கழித்தால் வருவது) இரண்டாம் இடத்தை இழந்தது. 2023-24-இல் லீட்ஸ் 90 எடுத்து மூன்றாவது. பிளே ஆஃபின் கடைசி இடமாக இருந்த ஆறாம் இடத்துக்கு 70 முதல் 75 வரை என்பது அளவுகோல். 2012-13-இல் லெஸ்டர் 68-இல் உள்ளே நுழைந்தது, அதே 68 எடுத்த போல்டன் வெளியே நின்றது. அங்கும் கோல் வித்தியாசம்தான்.

அதனால் பட்டியலில் கோல் வித்தியாசத்தைக் கூடுதலாக ஒரு பாயிண்ட் போலவே எண்ணுங்கள். 2024-25 பட்டத்தையே அதுதான் தீர்மானித்தது: லீட்ஸுக்கு +65, பர்ன்லிக்கு +53.

இன்னொன்று. அண்ணனும் நீங்களும் யார் எத்தனை கோல் போட்டார்கள் என்று பார்க்கிறீர்கள் போலிருக்கிறது. வாங்கிய கோலைப் பாருங்கள். ஸ்காட் பார்க்கரை மேனேஜராகக் கொண்ட பர்ன்லி அந்த சீசனில் 46 மேட்சில் வாங்கியது 16 கோல். 30 மேட்சில் ஒன்று கூட வாங்கவில்லை. 16 மேட்ச் டிரா ஆகியும் 100 பாயிண்ட் எடுக்க முடிந்தது, தோற்றது இரண்டே மேட்ச் என்பதால்தான். நீண்ட சீசனில் ஸ்ட்ரைக்கர் பத்து மேட்ச் சோர்ந்து போவது சகஜம். கோல்கீப்பரும் நான்கு டிஃபென்டர்களும் மாறாமல் நின்றால் அந்தப் பத்து மேட்சிலும் ஒவ்வொரு பாயிண்டாவது வந்துகொண்டிருக்கும்.

6 கோடி பவுண்டு கொடுத்து ஆள் வாங்குகிறார்கள். அதே கிளப் அடுத்த வாரம் கணக்கு இடிக்கிறது என்று தன் அகாடமியில் (இளையோர் பயிற்சிப் பள்ளி) வளர்ந்த பையனை விற்கிறது. புரியவில்லையே?
– வங்கி ஊழியர், கோத்தகிரி

வங்கியில் இருப்பவருக்குத் தேய்மானக் கணக்கு தெரிந்திருக்கும், அதேதான் இங்கும். 6 கோடிக்கு 5 ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கினால், கணக்கில் ஆண்டுக்கு 1.2 கோடி செலவாகத்தான் ஏறும். மூன்று ஆண்டு கழிந்தால் மீதி மதிப்பு 2.4 கோடி. அப்போது 3 கோடிக்கு விற்றால் 60 லட்சம் லாபம். 2 கோடிக்கு விற்றால், கையில் 2 கோடி வந்தாலும் கணக்கில் 40 லட்சம் நஷ்டம். ஃபார்ம் இழந்த ஆளை விற்காமல் வேறு கிளப்புகளுக்கு லோனில் (தற்காலிகமாக) அனுப்பிக்கொண்டே இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அகாடமிப் பையனுக்கு வாங்கிய விலை என்று ஒன்றும் இல்லை. 3 கோடிக்கு விற்றால் 3 கோடியும் அந்த ஆண்டே லாபம். ரசிகர்கள் நெஞ்சில் வைத்துக் கொண்டாடும் உள்ளூர்ப் பையன் முதலில் விற்பனைக்குப் போவது இதனால்தான். விதியே கிளப்பை அந்தப் பக்கம் தள்ளுகிறது. இது மாற வேண்டிய விஷயம்.

பிரீமியர் லீக்கில் 2025-26 வரை இருந்த விதி: மூன்று ஆண்டில் மொத்த நஷ்டம் 10.5 கோடி பவுண்டுக்குள். சாம்பியன்ஷிப்பில் 3.9 கோடிக்குள். அதாவது ஆண்டுக்கு மேலே 3.5 கோடி, கீழே 1.3 கோடி. புதிதாக மேலே வந்த அணிக்கு இதைக் கலந்து பார்ப்பார்கள். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் இரண்டு ஆண்டு கீழேயும் ஓர் ஆண்டு மேலேயும் இருந்தது. 1.3, 1.3, 3.5 கூட்டினால் 6.1 கோடிதான் வரம்பு. அதைத் தாண்டி 3.45 கோடி போய்விட்டது. பிரென்னன் ஜான்சனை 4.75 கோடிக்கு டாட்டனத்துக்கு விற்றார்கள். ஆனால் விற்றது 2023 செப்டம்பர் 1 அன்று. கணக்கு ஆண்டு ஜூன் 30-இலேயே முடிந்துவிட்டது. நல்ல விலைக்காகக் காத்திருந்தோம் என்ற வாதம் எடுபடவில்லை. 2024 மார்ச்சில் 4 பாயிண்ட் போனது. ஜூன் கடைசி வாரத்தில் திடீர் திடீரென்று விற்பனை நடப்பதைப் பார்த்தால் இந்தத் தேதியை நினைத்துக்கொள்ளுங்கள்.

செல்சி 2023 ஜனவரியில் முத்ரிக், என்ஸோ ஃபெர்னாண்டஸ் இருவருக்கும் எட்டரை ஆண்டு ஒப்பந்தம் போட்டது, செலவை அத்தனை ஆண்டுக்குப் பரப்பத்தான். அதன்பிறகு ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபாவும், 2023 டிசம்பரில் பிரீமியர் லீக்கும், எத்தனை ஆண்டு ஒப்பந்தம் போட்டாலும் பரப்புவது 5 ஆண்டுக்கு மட்டும் என்று கதவை மூடின. 2026-27 முதல் பிரீமியர் லீக்கில் நஷ்டக் கணக்குக்குப் பதிலாக, அணிக்கான செலவு வருமானத்தில் 85 சதவீதத்துக்குள் என்ற விதிக்குக் கிளப்புகள் வாக்களித்திருக்கின்றன.

சீசன் நடுவில் மேனேஜரை மாற்றினால் பலன் உண்டா? எங்கள் அணி தோற்கும்போதெல்லாம் அவரை அனுப்பு என்றுதான் தோன்றுகிறது.
– கல்லூரி மாணவி, கொடைக்கானல்

பெரும்பாலும் இல்லை. ஐந்தாறு தோல்வி வரிசையாக வரும்போதுதான் மேனேஜரை அனுப்புகிறார்கள். அந்த வரிசையில் பாதி துரதிருஷ்டம்: கம்பத்தில் பட்ட பந்து, காயம், ஒரு சிவப்பு அட்டை. யாரையும் மாற்றாவிட்டாலும் அடுத்த ஐந்தில் இரண்டு ஜெயித்திருக்கும். புதியவர் வந்து இரண்டு ஜெயித்ததும் அவர் மந்திரம் போட்டார் என்று தோன்றுகிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஆள் பட்டியல். பந்தைத் தங்கள் வசமே வைத்து ஆடச்சொல்லும் மேனேஜருக்காகக் கோடையில் ஆள் எடுத்திருப்பார்கள். அக்டோபரில் நீளமாக அடித்து ஆடச்சொல்லும் மேனேஜரைக் கொண்டுவந்தால், டிரான்ஸ்பர் விண்டோ (ஆள் வாங்க விற்க அனுமதிக்கும் காலம்) ஜனவரி வரை மூடியிருக்கும். இருக்கிறவர்களை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

ஷெஃபீல்ட் யுனைடெட்டையே பாருங்கள். இறுதியில் தோற்றதும் 2025 ஜூனில் கிறிஸ் வைல்டரை அனுப்பி ரூபன் செயேஸைக் கொண்டுவந்தார்கள். முதல் ஐந்து லீக் மேட்சும் தோல்வி. செப்டம்பரில் மறுபடி வைல்டரையே கூப்பிட்டார்கள். ஒரு கோடைகாலமும் ஐந்து மேட்சும் வீண். அதற்கு எதிர்ப்பக்கம் லீட்ஸ். 2024 பிளே ஆஃப் இறுதி மேட்சில் சவுத்தாம்ப்டனிடம் 1-0 என்று தோற்றபோது டேனியல் ஃபார்க்கேயை அனுப்பச் சொன்னவர்கள் பலர். வைத்துக்கொண்டார்கள். மறு ஆண்டு 100 பாயிண்ட், பட்டம். இப்ஸ்விச் 2021 டிசம்பரில் மூன்றாவது படியில் இருந்தபோது கீரன் மெக்கென்னாவை எடுத்தது. 2022-23-இல் 98 பாயிண்ட், 2023-24-இல் 96 பாயிண்ட், அடுத்தடுத்து இரண்டு படி ஏறினார்கள்.

நடுவில் மாற்றி ஜெயித்ததும் உண்டு. 2022 நவம்பரில் லூட்டனுக்கு ராப் எட்வர்ட்ஸ் வந்தார், அந்த சீசனிலேயே பிளே ஆஃப் ஜெயித்து மேலே போனார்கள். ஆனால் முந்தைய மேனேஜர் நேதன் ஜோன்ஸைத் துரத்தவில்லை, அவராகவே சவுத்தாம்ப்டனுக்குப் போனார். ஓடிக்கொண்டிருந்த அணி எட்வர்ட்ஸ் கைக்கு வந்தது. அதே லூட்டன் 2025 ஜனவரியில் எட்வர்ட்ஸைப் பிரிந்து புதியவரை எடுத்தும் மூன்றாவது படிக்கு விழுந்துவிட்டது.

உங்கள் மேனேஜரை எடைபோட பத்து மேட்சை எடுங்கள். எதிரணி நம் பெனால்டி பெட்டிக்குள்ளிருந்து எத்தனை ஷாட் அடிக்கிறது, கார்னரிலும் ஃப்ரீ கிக்கிலும் எத்தனை கோல் வாங்குகிறோம், முன்னிலையில் இருந்து எத்தனை பாயிண்ட் விட்டோம். இந்த மூன்றும் மாதத்துக்கு மாதம் மோசமாகிக்கொண்டே போனால் அப்போது உங்கள் கோபம் நியாயமானது. அத்துடன் அவர் மேனேஜரா, தலைமைப் பயிற்சியாளர் மட்டும்தானா என்பதையும் பாருங்கள். இப்போது பல கிளப்புகளில் ஆள் எடுப்பது விளையாட்டு இயக்குநர் வேலை. தேவையில்லாத ஆளை அவர் வாங்கியதற்குப் பயிற்சியாளரைத் திட்டுவதில் பயனில்லை.

மேட்ச் எப்போது என்று ஒவ்வொரு முறையும் குழம்புகிறது.
– வாசகர், உதகை

அங்கே அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவார்கள், மார்ச் கடைசி ஞாயிறு முன்னால் நகர்த்துவார்கள். குளிர்காலத்தில் அவர்கள் நேரத்தோடு ஐந்தரை மணி கூட்டுங்கள், மற்ற மாதங்களில் நாலரை. சனிக்கிழமை 3 மணி மேட்ச் நமக்குக் குளிர்காலத்தில் இரவு 8.30, மற்றபடி 7.30. வார நடுவில் 7.45 மேட்ச் என்றால் ஜனவரியில் நள்ளிரவு தாண்டி 1.15. தேதி மாறிவிடும், செவ்வாய் மேட்ச் என்றால் நமக்குப் புதன். உறைபனி விழும் இரவில் விழித்திருக்கத் தயாராகும் முன் தேதியைச் சரிபாருங்கள்.

இன்னார் வருகிறார் என்று தினமும் செய்தி, கடைசியில் வருவதில்லை. எந்தக் கட்டத்தில் நம்பலாம்?
– வாசகி, குன்னூர்

முதலில் இரண்டு கிளப்புகளும் தொகையில் ஒத்துப்போக வேண்டும்: எத்தனை தவணை, பின்னால் விற்றால் பழைய கிளப்புக்கு எத்தனை சதவீதம், மேலே போனால் கூடுதல் எவ்வளவு. பிறகு வீரரின் சம்பளம். சாம்பியன்ஷிப் அணி என்றால் ஏறினால் சம்பளம் எவ்வளவு, பிரீமியர் லீக் அணி என்றால் கீழே விழுந்தால் எத்தனை சதவீதம் வெட்டு என்பதும் இங்கேதான் எழுதப்படும். அடுத்து மருத்துவப் பரிசோதனை: இதயம், முழங்கால், பழைய காயங்களின் ஸ்கேன். வெளிநாட்டு வீரர் என்றால் 2021 முதல் தகுதிப் புள்ளிகளும் வேண்டும். வழக்கமாக 15 புள்ளி. தேசிய அணி மேட்சுகள், ஆடிவந்த லீக்கின் தரம் இவற்றுக்கு மதிப்பெண். 18 வயதுக்குக் குறைந்தவரை வெளிநாட்டிலிருந்து எடுக்கவே முடியாது. கடைசியில் பதிவு. பதிவு முடிந்து கிளப் அறிவித்தால் மட்டும் நம்புங்கள்.

பரிசோதனை முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைக்கக் கூடாது என்பதற்கு டேனியல் ஜேம்ஸ் சாட்சி. 2019 ஜனவரி 31, விண்டோவின் கடைசி நாள். மேலே போகப் போராடிய லீட்ஸின் மைதானத்துக்கே வந்து பரிசோதனை முடித்து உட்கார்ந்திருந்தார். ஸ்வான்ஸி கடைசி நேரத்தில் கையெழுத்துப் போடவில்லை. திரும்பிப் போனார். லீட்ஸ் அந்த ஆண்டு பிளே ஆஃப் அரையிறுதியில் டெர்பியிடம் தோற்றது. அவர் மான்செஸ்டர் யுனைடெட் வழியாக 2021-இல்தான் லீட்ஸ் வந்து சேர்ந்தார், 2024-25 பட்ட அணியிலும் ஆடினார்.

தவணை என்று சொன்னோமே, அதில்தான் ஷெஃபீல்ட் யுனைடெட்டின் 2 பாயிண்ட் போனது. மற்ற கிளப்புகளுக்குக் கொடுக்க வேண்டியதை 2022-23-இல் நேரத்துக்குக் கொடுக்கவில்லை.

பிரீமியர் லீக்கிலிருந்து விழும் அணிகளே திரும்பத் திரும்ப மேலே போவது ஏன்?
– ஆசிரியர், பந்தலூர்

கீழே விழும் அணிக்குப் பாராசூட் பணம் உண்டு. ஒளிபரப்பு வருமானத்தில் கிளப்புகள் சமமாகப் பிரித்துக்கொள்ளும் பங்கில் முதல் ஆண்டு 55 சதவீதம், இரண்டாம் ஆண்டு 45, மூன்றாம் ஆண்டு 20. ஒரே சீசன் மட்டும் மேலே இருந்துவிட்டு விழுந்தால் மூன்றாம் ஆண்டுப் பணம் கிடையாது. இதை வைத்து நல்ல ஆட்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் பணம் மட்டும் காப்பாற்றாது. லூட்டன் அதை வாங்கிய முதல் ஆண்டே இன்னொரு படியும் விழுந்தது. மேலேயும் இடைவெளி பெரிது: 2023-24-இலும் 2024-25-இலும் புதிதாக ஏறிய மூன்று அணிகளுமே அதே சீசனில் இறங்கிவிட்டன.

எங்கள் பக்கம் ஊர் அணிகள், எஸ்டேட் அணிகள் சேர்ந்து 12 இருக்கின்றன. இப்போது நாக் அவுட் மட்டும்தான் நடக்கிறது. இந்த ஏற்ற இறக்க முறையை நாமும் வைக்க முடியுமா?
– கால்பந்துக் குழு அமைப்பாளர், கோத்தகிரி

தாராளமாக முடியும், வைக்கவும் வேண்டும். நாக் அவுட்டில் முதல் மேட்ச் தோற்ற பையன்களுக்கு அந்த ஆண்டே முடிந்துவிடுகிறது.

ஆறு ஆறாக இரண்டு பிரிவு. ஒவ்வொரு அணியும் மற்ற ஐந்தோடு இரண்டு முறை, ஆளுக்கு 10 மேட்ச், பிரிவுக்கு 30. இரண்டு மைதானத்தில் ஞாயிறுதோறும் மூன்று மூன்று மேட்ச் என்றால் 10 ஞாயிறில் முடியும். மேல் பிரிவின் கடைசி அணி இறங்கும், கீழ்ப் பிரிவின் முதல் அணி ஏறும். மேல் பிரிவின் 5-ஆவதும் கீழ்ப் பிரிவின் 2-ஆவதும் ஒரே ஒரு பிளே ஆஃப் ஆடட்டும். ஆறு அணிப் பிரிவில் இதற்கு மேல் இடம் மாற்றினால் யாருக்கும் நிலையான அணி உருவாகாது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர்ப் பக்கம் மழை விடாது. அக்டோபர், நவம்பரில் உங்கள் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் மழை. மார்ச்சில் பரீட்சை. ஆகவே டிசம்பர் இரண்டாம் ஞாயிறு தொடங்கி பிப்ரவரிக்குள் முடியுங்கள். தள்ளிப்போன மேட்சைப் பொங்கல் விடுமுறையிலும் குடியரசு தினத்திலும் ஆடலாம். 35 நிமிடப் பாதி இரண்டு, இடைவேளை 10, அடுத்த அணி இறங்க 20: ஒரு மேட்சுக்கு 100 நிமிடம். பனி உருகி புல் காய காலை 9.30-க்குத் தொடங்கினால் மூன்று மேட்சும் 2.30-க்கு முடியும். மாலை மூடுபனிக்கு முன் எல்லோரும் வீடு போய்விடலாம்.

சண்டை வருவது இரண்டு இடத்தில். ஒன்று ஆள் மாற்றுவது. அணிக்கு 20 பேர் கொண்ட பட்டியலை முதல் மேட்சுக்கு முன் வாங்கிவிடுங்கள். ஐந்தாவது சுற்று முடிந்ததும் ஒரு வாரம் மட்டும் மூன்று பேர் வரை சேர்க்க அனுமதி. ஓர் அணிக்கு இறங்கியவர் அந்த சீசனில் இன்னொரு அணிக்கு ஆடக்கூடாது. இதை வைக்காவிட்டால் கடைசி வாரம் கூடலூரிலிருந்து செவன்ஸ் ஆட்களைக் கூலிக்குக் கொண்டுவந்து ஏறிவிடுவார்கள்.

மற்றது பாயிண்ட் சமமானால் என்ன என்பது. முதலில் கோல் வித்தியாசம், பிறகு போட்ட கோல், அதுவும் சமமென்றால் பொது மைதானத்தில் ஒரு மேட்ச் என்று முன்கூட்டியே எழுதி எல்லாக் கேப்டன்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். கோல் வித்தியாசம் கணக்கில் வருவதால், கடைசிச் சுற்றில் ஏற்ற இறக்கத்தைத் தீர்மானிக்கும் மேட்சுகளை இரண்டு மைதானத்திலும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள். இங்கிலாந்திலும் கடைசி நாள் அப்படித்தான். முன்னால் ஆடி முடித்த அணியின் ஸ்கோர் தெரிந்துவிட்டால், எத்தனை கோல் வேண்டும் என்று பார்த்து ஆடவும் விட்டுக்கொடுக்கவும் வழியாகிவிடும்.